ஓர் ஆணியில் மூன்று பை

வாசகர் கேள்வி – டீச்சரம்மா பதில்

பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் சபைகள் ஏழைப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்.சி. (கத்தோலிக்கர்), பெந்தெகொஸ்தே எல்லாரும் சேர்ந்து இந்த வேலையைச் செய்ய முடியுமா? முக்கூடல், பாப்பாக்குடி பக்கத்து எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளிக்கூடங்களில் 22 வருஷம், பாளையங்கோட்டையில் விடுதி வார்டனாக 11 வருஷம் இருந்தவள் நான். அதனால் இந்த மாதப் பக்கத்தை முழுக்க இதற்கே விட்டுவிட்டேன்.

கேள்வி: டீச்சருக்குத் தோத்திரம். எங்கள் ஊரில் சி.எஸ்.ஐ. கோயில், ஆர்.சி. கோயில், ஒரு பெந்தெகொஸ்தே சபை என மூன்று இருக்கின்றன. ஜூன் மாதம் மூன்று பேருமே பையும் நோட்டும் கொடுக்கிறோம். இந்த வருஷம் சேர்ந்து கொடுக்கலாம் என்று பெண்கள் ஐக்கியத்தில் சொன்னேன். சேகரக் கமிட்டியில் (எங்கள் சி.எஸ்.ஐ. வட்டாரச் சபைக் குழுவில்) ஒரு பெரியவர், “நம்ம காணிக்கையை அவிய பிள்ளைக்கு எதுக்குக் குடுக்கணும்?” என்று கேட்டுவிட்டார். என்ன பதில் சொல்ல?
– பெண்கள் ஐக்கியச் செயலாளர், முக்கூடல் பக்கம்

பதில்: அம்மா, அந்தப் பெரியவரிடம் கோபப்படாதீர்கள். காணிக்கைப் பணம் எங்கே போகிறது என்று கேட்கிற ஆள் கமிட்டியில் இருக்க வேண்டும். அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்லிவிடுகிறேன்.

2014 ஜூலை. நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை, பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து 17 நாள் வரவில்லை. சனிக்கிழமை தேடிக்கொண்டு போனேன். ஒற்றை அறை ஓட்டு வீடு. திண்ணையில் ஆச்சி முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிள்ளை. ஈரத் துணியில் பொதிந்த இலையை எடுத்து, தகரத் துண்டை மேலே வைத்து, அளவு பிசகாமல் கத்தரியால் வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஆட்காட்டி விரல் ஓரம் காய்த்துப் போயிருந்தது. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு.

வீட்டுக்குள் சுவரில் ஓர் ஆணி. அதில் மூன்று பள்ளிக்கூடப் பை, ஒன்றின் மேல் ஒன்றாக. மூன்றிலும் மூன்று சபையின் பேர் அச்சடித்திருந்தது. ஒன்றில் கண்ணாடித் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. இது போக, அரசாங்கம் கொடுத்த பை அவள் பேர் எழுதி எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் இருந்தது. ஆக நாலு பை. ஆச்சி சொன்னாள்: “பை குடுத்தாவ டீச்சர், மூணு கோயில்லயும் குடுத்தாவ. திங்கக்கெழமையானா குழுக் கடனுக்கு வந்து நிக்காவளே, அதுக்கு ஆரு குடுப்பா?” பிள்ளையின் தாய் இறந்து ஒரு வருஷம். தகப்பன் கேரளாவில். தாய் வாங்கின கடனில் 6,800 ரூபாய் பாக்கி. ஆச்சி ஒருத்தி சுற்றும் பீடி அதற்குக் கட்டாது.

பக்கத்து வீட்டில் இரண்டாம் வகுப்புப் பையன். அவர்கள் எந்தக் கோயிலுக்கும் போகிறவர்கள் இல்லை. அதனால் எந்தச் சபையும் அந்தப் படி ஏறவில்லை. பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதை, ஒரு வருஷம் என் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தும், நானும் கவனிக்கவில்லை. அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அதற்குப் பிறகுதான் மூன்று பெண்கள் அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்தோம். நான், ஆர்.சி. அன்பியத்தில் (அவர்கள் தெருவாரியாகக் கூடும் குழு) ஓர் அம்மா, பெந்தெகொஸ்தே சபைப் பாஸ்டரம்மா. 80 பக்க நோட்டு ஒன்று. கோடு போடும்போது பேர், வயசு, தெரு, பள்ளிக்கூடம் என்று எழுதி, பழக்க தோஷத்தில் அடுத்து ‘சபை’ என்று எழுதிவிட்டேன். பாஸ்டரம்மா, “டீச்சர், அந்தக் கட்டம் வேண்டாமே” என்றார். அடித்துவிட்டு அந்த இடத்தில் ‘வீட்டில் யார் இருக்கிறார்கள்’ என்று எழுதினோம். கடைசிக் கட்டம் ‘என்ன வேணும்’. முதல் தடவை போகும்போது அதை நிரப்பக் கூடாது, இரண்டாம் தடவை போய்த்தான் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். முதல் தடவை கேட்டால் எல்லாரும் பை என்றுதான் சொல்வார்கள், நாம் பைதான் கொடுப்போம் என்று அவர்களுக்குத் தெரியுமே. மூன்று தெருவில் 61 பிள்ளைகள். பை தேவைப்பட்டது நாலு பேருக்கு.

இப்போது உங்கள் பெரியவருக்கு. பணத்தை ஒன்றாகப் போட வேண்டாம். முதல் வருஷமே பொதுக் கணக்கு தொடங்கினால் சண்டை வரும், நான் பார்த்திருக்கிறேன். நோட்டு மட்டும் பொது. பட்டியலைப் பார்த்து, மூக்குக்கண்ணாடிச் செலவு எங்களுடையது, இந்த வீட்டுக் கடன் பாக்கியில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவரவர் பணம் அவரவர் ரசீதில், அவரவர் கமிட்டியில் கணக்கு. “போன வருஷம் நம்ம காணிக்கையில வாங்கின பை எத்தன வீட்டுல ஆணியில தொங்குதுன்னு நீங்களே ஒரு நட பார்த்துட்டு வாங்க” என்று அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கணக்குக் கேட்கிற மனுஷனுக்கு அது உறைக்கும்.

அந்தப் பெண்பிள்ளை ஆகஸ்டில் பள்ளிக்கூடம் வந்தாள். ஐந்து முடித்து, ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போனாள். 2017-ல் தகப்பன் வந்து குடும்பத்தைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். டி.சி. வாங்கக்கூட யாரும் வரவில்லை. திருப்பூரில் நம் மூன்று சபைக்கும் கோயில் இருக்கிறது. ஒரு போன் போட்டு, இந்தப் பேரில் ஒரு பிள்ளை வருகிறாள், பனியன் கம்பெனிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மூன்று பேரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. நீங்கள் நோட்டுப் போடும்போது ‘ஊர் மாறினால்’ என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா.

கேள்வி: நான் ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கச் சங்கமான வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறேன். எங்கள் தெருவில் சி.எஸ்.ஐ. வாலிபர்களும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார்கள். சேர்ந்து செய்ய ஆசை. இதற்கெல்லாம் எங்கள் திருச்சபையில் இடம் உண்டா? என் பாட்டி, “அந்தக் கோயில் வாசப்படி மிதிக்கக் கூடாது” என்று வளர்ந்தவர்.
– இளைஞர், பாளையங்கோட்டை

பதில்: இடம் உண்டு தம்பி, எழுத்திலேயே உண்டு. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றி வெளியிட்ட ஏட்டில், பஞ்சம், இயற்கைப் பேரிடர், எழுத்தறிவின்மை, வறுமை, வீடில்லாமை ஆகியவற்றைப் போக்கக் கிறிஸ்தவர்கள் எல்லாரும் கூடி உழைக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் பங்குச் சாமியிடம் கேளுங்கள், எடுத்துக் காட்டுவார். நீங்கள் பூசையில் வாசிக்கிற திருவிவிலியமே 1995-ல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்புதான்.

எங்கள் சி.எஸ்.ஐ. பக்கமும் சொல்ல வேண்டும். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா பிஷப் 1919-ல் தரங்கம்பாடியில் வேறு சபைக் குருமாரோடு உட்கார்ந்து, பிரிந்து கிடந்தால் இந்த நாட்டில் வேலை நடக்காது என்று பேசினார். அந்தப் பேச்சு முடிந்து தென்னிந்தியத் திருச்சபை உண்டாக 28 வருஷம் பிடித்தது: 1947 செப்டம்பர் 27. அசரியா 1945 தொடக்கத்திலேயே கண்ணை மூடிவிட்டார். சபைகள் ஒன்றாக அவ்வளவு காலம் ஆகும். மாலை வகுப்புக்கு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. களக்காட்டுப் பக்கம் டோனாவூர் இருக்கிறதே, அந்தப் பேர் எங்கிருந்து வந்தது தெரியுமா? பணம் கொடுத்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பேர். அந்தப் பணத்தைக் கொண்டு ஊரை உண்டாக்கிய ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர் லுத்தரன் சபை ஆள். வேலை பார்த்தது ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தில். பின்னால் அதே ஊரில் பெண்பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த ஏமி கார்மைக்கேல் அம்மா அயர்லாந்தில் பிரெஸ்பிடேரியன் குடும்பத்தில் பிறந்தவர். தேவதாசியாக இந்துக் கோயிலுக்கு விடப்பட இருந்த ஒரு சிறுமி 1901-ல் அவரிடம் ஓடி வந்தபோது, அவர் எந்தச் சபை என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்காது. எல்லாம் சுமுகமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. ரேனியஸ் ஐயருக்கும் அவர் சங்கத்துக்கும் 1835-ல் பெரிய பிளவே வந்தது, திருநெல்வேலிச் சபைகள் இரண்டாக நின்றன. அந்தக் கசப்பு தீர வெகுநாள் ஆயிற்று.

சேர்ந்து வகுப்பு தொடங்கும்போது உங்களுக்கு வரப்போகிற முதல் தடங்கல் மிகச் சின்னது. ஜெபமா, செபமா? ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’யா, ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’யா? எங்கள் கூட்டத்தில் அரைமணி நேரம் இதிலேயே போனது. கடைசியில் அவரவருக்குத் தெரிந்ததை அவரவர் சொல்வது என்று முடிந்தது. முதல் நாள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது. ஒரு மாதத்தில் காது பழகிவிட்டது. பிள்ளைகள் முன்னால் மட்டும் வேண்டாம், பெரியவர்கள் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே இன்னொரு கடிதத்தில் வருகிறது.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று ஜனங்கள் தவித்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் போன ஊரில் சமையல் ஆர்.சி. பள்ளிக்கூடத்தில் நடந்தது. பாத்திரம் போதவில்லை. சி.எஸ்.ஐ. கோயிலில் அசனத்துக்கு (கோயில் பொது விருந்துக்கு) வைத்திருந்த அண்டாக்களை வாலிபர்கள் இடுப்பளவு சேற்றில் உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் வெந்த சோற்றை வாங்க எல்லாத் தெருவும் வந்தது. அண்டாக்களைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது அந்த இரண்டு கோயில் ஆட்களும் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஊரில் அத்தனை வருஷம் இருந்தும் அதுவரை ஒருவர் நம்பர் ஒருவரிடம் இல்லை.

கேள்வி: ஆலங்குளம் பக்கம் தகரக் கொட்டகையில் 20 குடும்பத்தோடு சபை நடத்துகிறேன். பெரிய சபைகள் எங்களை ஒரு ஆளாக மதிப்பதில்லை. எங்களிடம் பணமும் இல்லை. இந்த வேலையில் எங்களுக்கு என்ன பங்கு?
– ஒரு போதகர்

பதில்: பாஸ்டர் தம்பி, உங்களிடம் இருப்பது பெரிய சபைகளிடம் இல்லை. எந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியவில்லை, எந்தத் தகப்பன் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு உங்களுக்குத் தெரியும். சேகர குருவுக்கு ஏழெட்டு ஊர், பங்குச் சாமிக்கு அதைவிடக் கூட. அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த நோட்டில் ‘என்ன வேணும்’ என்ற கட்டத்தை நிரப்பும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். கூட்டம் கூட்டுகிற பெரிய சபையார் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவரைக் கூப்பிட்டால் உங்கள் குருவுக்குப் போடுகிற அதே நாற்காலியைப் போடுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உதவி வாங்கும் பிள்ளையைப் பையோடு நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். எல்லாச் சபையிலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். நான் பீடி சுற்றுகிறேன். என் மகன் ஐந்தாம் வகுப்பு. சாயங்காலம் சர்ச்சில் நடக்கிற டியூசனுக்குப் போகிறான். நன்றாகப் படிக்கிறான். “மதம் மாத்திருவாவ, அனுப்பாத” என்று அக்கம்பக்கத்தில் சொல்லுதாவ. அனுப்பலாமா?
– ஒரு தாய், கடையம் பக்கம்

பதில்: தங்கச்சி, பயப்படாமல் நேரே போய் அந்த டியூசன் நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்: பாடம் மட்டுமா, பாட்டும் ஜெபமும் உண்டா, வராவிட்டால் பிள்ளையை நிறுத்திவிடுவீர்களா என்று. உங்கள் பிள்ளை, கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு நாள் போய்ப் பின்னால் உட்கார்ந்தும் பாருங்கள். படிப்புக்கு ஈடாக எதையாவது எதிர்பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். நான் கிறிஸ்தவச்சி, இயேசுவை நேசிக்கிறவள். அதனாலேயே சொல்கிறேன், பசித்த பிள்ளையிடம் பேரம் பேசுகிறவன் அவர் பேரைச் சொல்லக் கூடாது.

சபைகளுக்கு: டியூசனைக் கோயிலுக்குள் வைக்காதீர்கள். பள்ளிக்கூடத் தாழ்வாரம், அங்கன்வாடி, நூலகக் கட்டடம் எதுவும் கிடைக்கும், கேட்டால். இரண்டு மூன்று சபை சேர்ந்து நடத்தும்போது இந்தச் சந்தேகமே பாதி குறைந்துவிடுகிறது. ஆளைப் பிடிக்க வந்தவர்கள் என்றால் மூன்று பேர் ஏன் ஒன்றாக உட்காரப்போகிறார்கள் என்று ஊரே புரிந்துகொள்கிறது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒற்றை ஆளிடம் பிள்ளைகளை விடக் கூடாது. எந்தச் சபை ஆளானாலும், எவ்வளவு நல்லவரானாலும் சரி.

தங்கச்சி, கடிதத்தில் பீடி சுற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். பீடித் தொழிலாளி அடையாள அட்டை உங்களிடம் இருக்கிறதா? இருந்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு உங்கள் மகன் விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில்தான் போட வேண்டும், வருஷா வருஷம் போட வேண்டும். டியூசன் நடத்துகிற அந்த வாலிபர்களையே பதிந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வெளிநாட்டு உதவியில் நடந்த பிள்ளைகள் இல்லம் மூடிவிட்டது. மூன்று சபையும் சேர்ந்து புதிதாக ஓர் இல்லம் தொடங்கலாம் என்று பேச்சு. உங்கள் அபிப்பிராயம்?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தூத்துக்குடி

பதில்: ஐயா, தொடங்காதீர்கள் என்றே சொல்வேன்.

தாது வருஷப் பஞ்சத்தில், 1876–78-ல், தாய் தகப்பன் செத்துப்போன பிள்ளைகள் ரோட்டில் கிடந்தார்கள். அப்போது நாசரேத்தில் அனாதை விடுதியும் கைத்தொழில் பள்ளியும் வந்தன. அன்றைக்கு அது வேண்டியிருந்தது. நான் வார்டனாக இருந்த 11 வருஷத்தில் என் விடுதியில் இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயாவது தகப்பனாவது உயிரோடு இருந்தார்கள். இல்லாமைதான் பிள்ளையை விடுதிக்கு அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த தாய் திரும்பிப் போகும்போது, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் மறைகிற வரை நிற்கிற பிள்ளையை உள்ளே கூட்டிவருவதுதான் எனக்கு அந்த வேலையிலேயே பாரமான வேலை. ஓர் இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஆகிற செலவில் பாதியை அந்தத் தாயிடம் கொடுத்திருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும் என்று எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறேன்.

சட்டமும் இப்போது அந்தப் பக்கம்தான். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி எந்த இல்லமும் பதிவு இல்லாமல் நடத்தக் கூடாது. ஆதரவில்லாத பிள்ளையைக் கண்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லி, குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும். சபை தானாக வைத்துக்கொள்ளக் கூடாது. தகப்பன் இல்லாத, அல்லது பெற்றோர் தீரா நோயில் கிடக்கிற வீட்டுப் பிள்ளையை வீட்டிலேயே வளர்க்க, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தோடு அலைய அந்தத் தாய்க்கு ஆள் இல்லை. மூன்று சபையிலும் உங்களைப் போல ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! அதைச் செய்யுங்கள் ஐயா. காலைச் சாப்பாடு 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கி, 2024 ஜூலையிலிருந்து கிராமத்து எய்டட் ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. நம் சபைகளின் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் காலையில் உப்புமா கிடைக்கிறது. எட்டரை மணிக்குப் பிள்ளை அங்கே போய்ச் சேர்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

வெளிநாட்டுப் பணத்தை எண்ணி எதையும் திட்டம் போடாதீர்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும் அமெரிக்க நிறுவனமான காம்பேஷன் இன்டர்நேஷனல் 2017 மார்ச்சில் இந்தியாவில் வேலையை நிறுத்தியபோது சுமார் 1,45,000 பிள்ளைகள் அந்த உதவியில் இருந்தார்கள். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒரு நிறுவனம் தான் வாங்கின வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. மூன்று சபை சேர்ந்து செய்கிற வேலைக்கு அந்தப் பணம் இனி ஒத்துவராது.

நம்மிடம் இருந்தது பிடி அரிசி. என் அம்மா உலை வைக்கும்போது படியில் அரிசி அளந்து, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பு மேடையில் இருக்கிற மண் கலயத்தில் போடுவாள். எங்கள் வீட்டில் அரிசி தட்டுப்பட்ட நாளிலும் போட்டாள். அன்றைக்கு எங்கள் தட்டில் கஞ்சி கொஞ்சம் தண்ணியாக இருக்கும். அது கோயிலுக்குப் போகும். இப்போது எங்கள் தெருவில் சி.எஸ்.ஐ. வீடுகளிலும் ஆர்.சி. வீடுகளிலும் பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் அதைத் திரும்பத் தொடங்கியிருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் மளிகைக் கடைக்காரர் தராசில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துக் கொடுக்கிறார், கூலி வாங்குவதில்லை. போன வாரம் 14 கிலோ. நோட்டில் இருக்கிற ஐந்து வீட்டுக்குப் போயிற்று.